மாமாவை யார் அழைத்துப் போவது?

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் சுனாபட்டித் தமிழர்கள் சுற்றிக் காட்டும் இடங்களின் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. காலையில் வி.டி. ஸ்டேஷன், பிறகு கேட்வே ஆஃப் இந்தியா, நேரமிருந்தால் படகேறி எலிபெண்டா, சாயங்காலம் மெரைன் டிரைவில் சுட்ட சோளம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இதே கதைதான். ஆனால் வந்திருக்கும் மாமா சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?" என்று அன்பாகவே சொல்லி, அவரை டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கிளம்புகிறார்கள்.

மாமா ஒருவர் மட்டுமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் நடமாட்டத்தில் சிரமம் உள்ளவர்கள் மட்டும் சுமார் 54 லட்சம். மூட்டு வலியால் நாலு படி ஏறத் தயங்கும் பாட்டிகள் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

சிரமம் உண்மையில் எங்கே இருக்கிறது? சுனாபட்டியிலிருந்து ஹார்பர் லைனில் வி.டி. ஒன்பதாவது ஸ்டேஷன். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. பிரச்னை பெட்டிக்குள் இல்லை. பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இருக்கிறது. ரயில் நிற்பதோ அரை நிமிடம். அதற்குள் நாற்காலியைத் தூக்கி, இடைவெளியைத் தாண்டி, ஏறுகிற கூட்டத்தையும் இறங்குகிற கூட்டத்தையும் சமாளிக்க வேண்டும். அந்த இடைவெளியில் விழுந்து கை கால் இழந்தவர்கள் உண்டு. 2014-இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகுதான், மும்பை உயர் நீதிமன்றம் முடுக்கிவிட்டதில், நடைமேடைகளை உயர்த்தும் வேலை வேகம் பிடித்தது.

வி.டி.யில் ஒரு வசதி: ரயில் பாதை அங்கே முடிந்துவிடுவதால் மேம்பாலப் படி ஏறாமலே வெளியே வந்துவிடலாம். எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து, 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் கட்டி முடித்த கட்டடம் அது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என்று மாறிய பிறகும் பழைய ஆட்களின் வாயில் வி.டி.தான். அதன் கோபுரங்களை முழுசாகப் பார்க்க எதிர்ப்புறம் போக வேண்டும். எல்லோரும் தெருவைக் கடக்கும் சுரங்கப் பாதைக்கோ படி இறங்க வேண்டும்.

டாக்ஸி பிடிக்கலாம் என்றால், மும்பை டாக்ஸியின் டிக்கியில் பாதி இடத்தை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். நாற்காலி கூரைமேல் போகும்.

1924-இல் திறக்கப்பட்ட கேட்வேயின் முற்றம் சமதளம். சுற்றி வரலாம், கடலைப் பார்க்கலாம். படகேற மட்டும் ஈரக் கல்படிகளில் இறங்கி, அலையில் ஆடும் படகுக்குள் கால் வைக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். தீவில் படகுத்துறையிலிருந்து மலையடிவாரம் வரை பொம்மை ரயில் உண்டு. அதற்கப்புறம் சுமார் 120 படிகள். 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான குகையில், ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்தில் மூன்று முகங்களுடன் சதாசிவம் காத்திருக்கிறார்.

"டோலி இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. சபரிமலையில் பழகிய டோலி மாதிரியே ஆட்கள் தூக்கிப் போவார்கள். நம் ஊரில் தூக்கிவிட ஆள் கிடைக்காமல் போவதே இல்லை. ஆனால் தூக்கிச் செல்லப்படுகிறவர், தான் நிற்க விரும்பிய இடத்தில் நிற்க முடியாது. தூக்குபவரின் மூச்சு வாங்கல் காதில் விழும்போது சிற்பத்தை நிதானமாகப் பார்க்க யாருக்கு மனசு வரும்? பிடி நழுவினால் விழப்போவதும் அவர்தான். சுற்றுலா என்பதே தன் இஷ்டத்துக்குத் திரிவது. டோலி ஆளைக் கொண்டு சேர்க்கும். அந்தச் சுதந்திரத்தைத் தராது.

புராதனக் கட்டடங்களை இடிக்க முடியுமா என்ற கேள்வி எப்போதும் வரும். அதற்கு 2001 ஜனவரியிலேயே பதில் கிடைத்துவிட்டது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த மாநாட்டுக்கு ஸ்டீபன் ஹாக்கிங் வந்தார். தன் 59-வது பிறந்த நாளை மும்பையில்தான் கொண்டாடினார். அவரது நாற்காலி ஏறுவதற்கென்றே மஹிந்திரா நிறுவனம் ஒரு வண்டியை மாற்றி அமைத்துக் கொடுத்தது. அடுத்து அவர் டெல்லி போனபோது, தானும் சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி விடாமல் போராடியதால், குதுப் மினார் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் தற்காலிக மரச் சாய்தளங்கள் முளைத்தன. ஒரு கல்லையும் யாரும் பெயர்க்கவில்லை.

ஹாக்கிங்குக்கு முடிந்தது மாமாவுக்கு ஏன் முடியாது? கணக்கு எளிது. 15 செ.மீ. உயரப் படிக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், 1.8 மீட்டர் நீளப் பலகை போதும். வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டும் என்பது கட்டளை. கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் ஆலோசனையாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது.

செய்து காட்டியவர்களும் உண்டு. சென்னை மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலருகே போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. 'புயலில் போய்விட்டது' என்று கைகழுவாமல் சீரமைத்தார்கள். கடலில் கால் நனைக்க வேண்டும் என்று வெகுநாள் ஏங்கியவர்களுக்கு அந்தப் பாதையின் அருமை தெரியும்.

மும்பையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில் முழுமையாக ஓடத் தொடங்கிய மெட்ரோ மூன்றாம் தடத்தில் தாராவிக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு. லிஃப்டில் இறங்கினால் நடைமேடையும் ரயிலும் ஒரே மட்டம். மாறாமல் ஹுதாத்மா சௌக் வரை போகலாம். அங்கிருந்து பக்கத்தில்தான் ஓவல் மைதானம். கிழக்கே உயர் நீதிமன்றம், ராஜாபாய் கோபுரம் என்று விக்டோரிய கோதிக் கட்டடங்கள். மேற்கே ஆர்ட் டெகோ மாளிகைகள். 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த இரட்டை வரிசையைக் கீழே இருந்தபடியே பார்க்கலாம். மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் மெரைன் டிரைவ்.

நடுவில் ஒரு வில்லன் உண்டு: மோட்டார் சைக்கிள் ஏறாமலிருக்க நடைபாதைகளில் நட்டிருக்கும் குட்டைத் தூண்கள். பைக்கைத் தடுக்கிறதோ இல்லையோ, நாற்காலியைத் தடுத்துவிடும். ஒருவர் எழுதிய கடிதத்தை வைத்து மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. லிஃப்ட், மெட்ரோ என்று கோடிக்கணக்கில் செலவழித்த பயணம், நெருக்கி நட்ட இரண்டு தூண்களுக்கு முன்னால் நின்றுவிடலாம்.

சுனாபட்டி என்றால் சுண்ணாம்புச் சூளை. அந்தப் பேட்டையிலிருந்து தாராவி மெட்ரோ ரொம்ப தூரமில்லை. எந்த வாசலில் லிஃப்ட், எந்த நடைபாதையில் தூண் என்று யாராவது ஒருவர் ஒரு நாள் முன்னால் போய்ப் பார்த்து வந்தால் போதும். டி.வி.யை அணைத்துவிட்டு மாமாவும் கிளம்பலாம். சுட்ட சோளம் அவருக்கும் பிடிக்கும்.