பாலைவனத்தில் ஒரு பாடம்

"மணலைப் பார்க்கவா இத்தனை தூரம் போவது?" என்று சிலர் கேட்பார்கள்.

போகத்தான் வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீரின் அருமை அங்கே போனால்தான் தெரியும்!

ராஜஸ்தானில், தார் பாலைவனத்தில் இருக்கிறது ஜெய்சால்மர் நகரம். ஜோத்பூரில் இருந்து காரில் போனால் சுமார் 280 கிலோ மீட்டர். வழியில் பொக்ரான் வரும். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்தது அந்தப் பக்கம்தான்.

ஜெய்சால்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் சாம் மணல் மேடுகள். காற்று கோலம் போட்டதுபோல் மணல் வரி வரியாக இருக்கும். மாலை வெயிலில் பொன்னாக மின்னும். ஒட்டகத்தின் மேல் ஏறினால் பிள்ளைகளின் குதூகலத்தைக் கேட்க வேண்டுமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். கோடை வெயிலைத் தாங்க முடியாது.

ஆளில்லாத ஊர்

சாம் போகும் சாலையில் இருந்து சற்று உள்ளே தள்ளி, குல்தாரா என்ற ஊர் இருக்கிறது. சுமார் 200 ஆண்டுகளாக அங்கே குடி இல்லை. கூரையில்லாத வீடுகளே மிச்சம். கொடிய மந்திரிக்குப் பயந்து, ஒரே இரவில் ஊரே வெளியேறியது என்று கதை சொல்வார்கள். கிணறுகளில் தண்ணீர் குறைந்ததும் ஒரு காரணம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள்.

ஜெய்சால்மரில் கடிசர் ஏரியையும் காட்டுங்கள். மழை நீரைத் தேக்கி, பல நூறு ஆண்டுகள் ஊரின் தாகம் தீர்த்த ஏரி அது. இப்போது பஞ்சாபில் இருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது.

கோட்டைக்கு வந்த ஆபத்து

குன்றின் மேல் நிற்கும் ஜெய்சால்மர் கோட்டை 1156-ல் எழுந்தது. மஞ்சள் கல்லால் ஆனது. இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். முன்பு குடத்தில் சுமந்து வந்து, சிக்கனமாகச் செலவழித்தார்கள். பிறகு குழாய் வந்தது. விடுதிகள் பெருகின. கழிவு நீர் கசிந்து அடிநிலத்தில் இறங்கியது. சுவர்கள் விரிந்தன. 1996-ல் ஆபத்தில் உள்ள உலகச் சின்னங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையும் சேர்க்கப்பட்டது.

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில், தண்ணீராலேயே கோட்டைக்கு ஆபத்து!

ஆகையால், போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டையைக் கண் குளிரப் பாருங்கள். ஆனால், வெளியே தங்குங்கள். "உள்ளே விடுதி நடத்துகிறவர்களின் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கோட்டையே சரிந்தால் எல்லோருடைய பிழைப்பும் போய்விடுமே! மணல் மேட்டுப் பக்கம் நீச்சல் குளம் உள்ள கூடாரத்தைத் தேடாதீர்கள். காலி பாட்டில்களை மணலில் வீசாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகு, ஒழுகும் குழாயைப் பிள்ளைகள் தாங்களாகவே ஓடிப்போய் மூடுகிறார்களா என்று பாருங்கள். மூடினால், பயணச் செலவு வீண் போகவில்லை!