கப்பல்ல போறீங்களா? பாப்பா பையைக் கொஞ்சம் பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், நான் குடிக்காத உத்தமன் எல்லாம் இல்லை. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை உ.பா. உண்டு, தங்கமணிக்கும் தெரியும். அதனால 'வந்துட்டாருய்யா காந்தி தாத்தா'ன்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இது குடியைப் பத்தின புலம்பல் இல்லை, பாட்டிலை யார் தலையில கட்டறோம்ங்கறதைப் பத்தினது.

புனேல ஒரே குடியிருப்புல இருக்கற நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து சிங்கப்பூர் போய், அங்கேருந்து பினாங்கு, புக்கெட்னு 4 ராத்திரி கப்பல்ல சுத்திட்டு வந்தோம். கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாட்ஸ்அப் குழுவுல பேச்சு பூரா ஒண்ணுதான். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, குழந்தைங்களுக்கு வாந்தி வந்தா என்ன மருந்துன்னு இல்லை. சரக்கை எப்படி உள்ள கொண்டு போறது! மவுத்வாஷ் பாட்டில்ல பச்சைக் கலர் கலந்து ஊத்தலாம்னு ஒருத்தர். எக்ஸ்ரேல தெரியாத பிளாஸ்டிக் பை விக்கறாங்கன்னு இன்னொருத்தர். கடைசியில எங்க குழுத் தலைவர், அண்ணாச்சின்னு வச்சுக்குவோம், தீர்ப்பு சொன்னார்: "வோட்காதான் தண்ணி மாதிரி இருக்கும். தண்ணி பாட்டில்ல ஊத்தி மூடியை ஒட்டிட்டா முடிஞ்சது."

மும்பை ஏர்போர்ட்ல ஆளுக்கு 2 லிட்டர் வாங்கினாங்க. இந்தியாவுக்குத் திரும்பி வரும்போது 2 லிட்டர் வரைக்கும் வரி கிடையாது இல்லையா, அதே கணக்கு அங்கேயும்னு நினைப்பு. சிங்கப்பூர் கணக்கு வேற. அங்கேயும் மொத்தம் 2 லிட்டர்தான், ஆனா அதுல விஸ்கி, வோட்கா மாதிரி சரக்கு 1 லிட்டருக்கு மேல போகக் கூடாது. மிச்சம் வைனோ பீரோதான். அதுவும் 18 வயசு ஆனவங்களுக்கு, மலேசியாவுல இருந்து வராதவங்களுக்கு, 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியில இருந்தவங்களுக்கு மட்டும். மேல இருந்தா சிவப்பு வழியில போய்ச் சொல்லி வரி கட்டணும். எங்காளுங்க பச்சை வழியில கம்பீரமா நடந்து வந்தாங்க. கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே சட்டத்தை உடைச்சாச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. பழக்க தோஷம். மகாராஷ்டிராவுல சட்டப்படி குடிக்கறதுக்கே பர்மிட் வேணும், நம்மள்ல எத்தனை பேரு வாங்கி வச்சிருக்கோம்?

கப்பல் ஏறற அன்னிக்குக் காலையில ஹோட்டல் ரூம்ல ஊத்தற வேலை நடந்தது. பெரிய பெட்டியை எல்லாம் சோதிப்பாங்க, குழந்தை பையை யாரு பாக்கப் போறான்னு, ரெண்டு பாட்டில் அண்ணாச்சியோட 9 வயசுப் பொண்ணு பைக்குள்ள போச்சு. கலர் பென்சிலுக்கும் பொம்மைக்கும் நடுவுல. நான் அங்கதான் இருந்தேன். "வேண்டாங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன், "அட விடுங்க சார்"னாங்க, விட்டுட்டேன். அதுக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன்.

டெர்மினல்ல எக்ஸ்ரே. பை ஓரமா நின்னுடுச்சு. அங்க நின்ன அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும், எங்க மூஞ்சியைப் பார்த்துட்டுத் தமிழ்லயே கேட்டாங்க, "யாரு பை இது?"

நாங்க பெரியவங்க எட்டு பேரு நின்னோம். ஒருத்தர் வாயும் திறக்கலை. பாப்பாதான் கையைத் தூக்கிச்சு, கிளாஸ்ல தூக்கற மாதிரி. "என்னோடது ஆன்ட்டி."

அந்தம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாங்க. சத்தம் போடலை, திட்டலை. பாட்டிலை எடுத்து வச்சுட்டு, பையை மூடி, பாப்பா தோள்ல மாட்டி விட்டாங்க. அப்புறம் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாங்க. அவர் கூரையைப் பார்த்துட்டிருந்தார்.

சாயங்காலம் ரூம்ல சிரிப்பு. "ரெண்டு போனா என்ன, மிச்சம் வந்துடுச்சுல்ல!" பாப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிட வரலை. தலை வலிக்குதுன்னு படுத்துடுச்சாம்.

சரி, இதுக்கு நம்மாளுங்க சொல்ற நியாயத்தைப் பாப்போம். "கம்பெனிக்காரன் கொள்ளையடிக்கறான் சார்." ஒத்துக்கறேன். டிக்கெட்டைக் குறைச்சு வித்துட்டு பார், சூதாட்டம், வைஃபை, ஊர் சுத்திக் காட்டறதுன்னு உள்ள வச்சு வசூல் பண்றதுதான் அவங்க தொழில். வெளிச் சரக்கு கூடாதுங்கறதுக்குப் பாதுகாப்புன்னு காரணம் சொன்னாலும் கல்லாப்பெட்டிதான் பெரிய காரணம், யாருக்குத் தெரியாது? ஆனா இதெல்லாம் டிக்கெட் வாங்கும்போதே எழுதி வச்சிருக்கான். ஒரு காக்டெயில் 14 டாலர்னு வச்சுக்குங்க. ராத்திரிக்கு ரெண்டு, 4 ராத்திரி, மேல 18 சதவீதம் சர்வீஸ். 132 டாலர் வருது. பொண்ணு மொபைல் கேம்ல காசு கேட்டா "பணம் மரத்துலயா காய்க்குது"ன்னு கத்தற அப்பா, இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க அதே பொண்ணு பைக்குள்ள வோட்கா வைக்கறார்.

இதுல காமெடி என்னன்னா, நேர்வழியே இருக்கு. ராயல் கரீபியன், கார்னிவல் மாதிரி கம்பெனிகள்ல பெரியவங்க ஒருத்தருக்கு 750 மி.லி. வைன் ஒண்ணு ஏறற அன்னிக்கு ராஜாவா கையில எடுத்துட்டுப் போகலாம். நார்வீஜியன்ல பாட்டிலுக்கு இவ்வளவுன்னு கட்டணம் வாங்கிட்டு விடறான். புருஷன் பொண்டாட்டிக்கு ரெண்டு பாட்டில் ஆச்சு. இதைச் சொன்னப்ப அண்ணாச்சி சொன்ன பதில்: "வைன் எல்லாம் பொம்பளைங்க குடிக்கறது சார்." இல்லையா, புக்கெட்ல இறங்கினதும் கரையில உக்காந்து குடிச்சுட்டு ஏறுங்க, யாரு கேக்கப் போறா.

பாதுகாப்புங்கறதும் சும்மா சாக்கு மட்டும் இல்லை. பார்ல தள்ளாடினா "போதும் சார்"னு நிறுத்த ஒரு ஆள் இருக்கான். பால்கனி ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காந்தா யாரு நிறுத்துவா? அமெரிக்காவுல 2010-ல கொண்டு வந்த கப்பல் பாதுகாப்புச் சட்டம் கைப்பிடிக் கம்பி 42 அங்குலமாவது இருக்கணும்னு சொல்லுது. நம்ம இடுப்புக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மூணாவது ராத்திரி எங்க கூட வந்த ஒருத்தர் அந்தக் கம்பி மேல சாஞ்சு பாட்டு பாடிட்டிருந்ததை நான் இன்னும் அவர் மனைவிகிட்ட சொல்லலை.

இன்னொண்ணு எனக்கு உறுத்துது. 2013 டிசம்பர்ல லிட்டில் இந்தியாவுல தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தர் பஸ்ல அடிபட்டு இறந்து கலவரம் ஆச்சு, ஞாபகம் இருக்கும். குடியும் ஒரு காரணம்னு விசாரணைக் குழு சொல்லிச்சு. 2015-ல சட்டம் வந்து, சிங்கப்பூர் முழுக்க ராத்திரி பத்தரைக்கு மேல பொது இடத்துல குடிக்கத் தடை. லிட்டில் இந்தியாவுக்கு அதை விடக் கெடுபிடி. வாரம் பூரா வெயில்ல கட்டடம் கட்டிட்டு ஞாயித்துக்கிழமை ஒரு பீர் குடிச்சவன் மேல நம்ம குழுவுல ஒருத்தர் சொன்னார், முஸ்தபா வாசல்ல நின்னுக்கிட்டு, "இவனுங்களாலதான் நம்ம பேரு கெடுது." அப்ப அவர் பெட்டியில கணக்குக்கு மேல ஒரு லிட்டர் இருந்தது.

கடைசியா ஒரு கேள்வி. ஏன் ரூமுக்குள்ள? காசு மட்டும் இல்லை சார். பார்ல உக்காந்தா மாமனார் பாத்துடுவார், மச்சினன் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிடுவான். அதனால தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு நாலு ஆம்பளைங்க (நானும் ரெண்டு நாள்) ஒரு ரூம்ல. மேல் தளத்துல குழந்தைங்களோட அவங்க அம்மாக்கள். தங்கமணி மூணாம் நாள் கேட்டாங்க, "இதுக்கு புனேலயே இருந்திருக்கலாமே, கடல் எதுக்கு?" பதில் இல்லை என்கிட்ட.

திரும்பி வரும்போது சாங்கி ஏர்போர்ட்ல பாப்பா யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே பையைத் திறந்து வச்சுக்கிட்டு வரிசையில நின்னுச்சு. அண்ணாச்சி "மூடும்மா"ன்னார். மூடலை.

வர்ற டிசம்பருக்கு இன்னொரு கப்பல்னு குழுவுல பேச்சு ஆரம்பிச்சிருக்கு. நாங்க வர்றோம்னு போட்டிருக்கேன், ரெண்டு பாட்டில் வைனோட, என் கையில. யாராவது குழந்தை பையைத் தொட்டா அங்கேயே சத்தம் போடுவேன்னும் போட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்து மூணு நாள் ஆச்சு, பதில் வரலை.