ஏதோ ஒரு பருந்தா?

சென்ற பருவ விடுமுறையில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துச் செம்பனையில் பெரிய பறவை ஒன்று வந்து அமர்ந்தது. "பருந்துடா! கோழிக்குஞ்சைத் தூக்கிடும்" என்று பாட்டி பதறினார். தம்பி உண்டிவில்லைத் தேடி ஓடினான்.

நான் உற்றுப் பார்த்தேன். நாம் அடிக்கடி காணும் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை. இதுவோ கரும்பழுப்பு. முகத்திலும் கால்களிலும் மஞ்சள். பிடரியில் சிறு கொண்டை. சீழ்க்கையொலியோடு பறந்தபோது இறக்கையின் பின்னோரத்தில் அகன்ற வெள்ளைப் பட்டை தெரிந்தது. பறவை நூலோடு ஒப்பிட்டேன். கொண்டைப் பாம்புக் கழுகு! பாம்பும் ஓணானுமே அதற்கு முக்கிய இரை.

"பாம்பைத் தின்னுமா? அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பாட்டி. தம்பியின் கல் கீழே விழுந்தது.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். ஆயினும் 'லாங் குயிக்' என்ற மலாய்ப் பெயர்தான் எனக்கு முதலில் கிடைத்தது. தமிழ்ப் பெயரைத் தேட இரண்டு நாளானது. வெட்கமாக இருந்தது. பருந்து, கழுகு, வல்லூறு, இராசாளி, பாறு எனத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம்.

மேடையில் தமிழைப் போற்றுவது நன்று. அது மட்டும் போதுமா? பட்டிமன்றம் நடத்தும் நாம், ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுதாவது வளாகத்துப் பறவைகளைத் தமிழில் பெயர் சொல்லி அடையாளம் காணலாமே! சரியான பெயர் ஓர் உயிரையும் காக்கும். ஒரு சொல்லையும் காக்கும். சிந்திப்போம், தோழர்களே!