பேனா யார் கையில்?

நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலை மறந்துவிட்டு உள்ளாட்சி பற்றிப் பேச முடியாது. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் போலவே இங்கும் 1996 முதல் பத்தாண்டுகள் முடக்கினார்கள். தேர்தலையே தடுத்தார்கள், ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் தடை உடைந்தது. இடையில், 1997-இல், மேலவளவுத் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள்.

பதவி வந்தது, அதிகாரம் வந்ததா? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். நாற்காலி கொடுத்த ஊரிலும் பேனா நம்மிடம் இல்லை. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதவிக்கோ இடஒதுக்கீடு கிடையாது. ஆதிக்க சாதித் துணைத் தலைவர் பேனாவை மூடிவைத்தால் காலனிக்குக் குழாய் வராது. பழி மட்டும் தலைவர் தலையில். அதிகாரம் ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். இதற்குப் பெயர் சுயாட்சியா?

துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு வேண்டும். கையெழுத்து மறுப்பவர் கிராம சபையில் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

தோழர்களே, வரும் அக்டோபர் 2 உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கையெழுத்திடாதவர் யார் என்றும் கேளுங்கள்.