பின்கட்டுக்கு ஒரு ரவுட்டர்

யாங்கோன் நகர்மையத்து அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல வீடுகள் பன்னிரண்டரை அடி அகலம், 50 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. முன்னாடி தெரு பார்த்த பால்கனி, கடைசியில் சமையலறை. எங்க வீட்டில் ஃபைபர் கேபிள் பால்கனி வழியாகத்தான் உள்ளே வருது, அதனால ரவுட்டரும் அங்கேயே உட்கார்ந்துடுச்சு. நடுவில் மூணு செங்கல் சுவர், ஒரு குளியலறை, ஒரு இரும்பு பீரோ. இதையெல்லாம் தாண்டிப் பின்கட்டு ரூமுக்குப் போனால் வைஃபைக்கு ஒரே ஒரு கோடுதான் மிஞ்சும்.

அந்த ரூம் அப்பத்தாவோடது. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் தமிழ் வகுப்பை எங்க பொண்ணு அங்கேதான் கேட்பாள். டீச்சர் சென்னையில், அங்கே ஒன்பதரை என்றால் இங்கே பத்தரை. டீச்சர் 'ழ' சொல்லச் சொன்னால் அப்பத்தாவும் கட்டிலில் இருந்தே சேர்ந்து சொல்லுவாங்க. முன் ரூமில் வீடியோ நல்லா வரும்தான், ஆனா முழங்கால் வலியோட அவங்களால அங்கே ஒரு மணி நேரம் உட்கார முடியாது. மூணு வாரம் டீச்சர் முகம் பாதியில் உறைஞ்சு நின்றது. நாலாவது வாரம், "அப்பா, கிளாஸ் இன்னைக்கு வேண்டாமே" என்றாள். அன்றைக்குத்தான் பரண் மேல் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்தேன்.

இரண்டாவது ரவுட்டரை வைக்க ரெண்டு வழி. ஒண்ணு, கம்பி இல்லாமல் ரிப்பீட்டராக. சுலபம். ஆனா ஒரே ரேடியோ வாங்கவும் வேணும், திருப்பிக் கொடுக்கவும் வேணும் என்பதால் வேகம் பாதியாகிடும். இன்னொண்ணு, முன் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுப்பது. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், நமக்கு 50 அடி எம்மாத்திரம்? சுவரோரமா ஆணி அடிக்க ஒரு மாலை போச்சு, அவ்வளவுதான்.

பழைய பெட்டியை அப்படியே மாட்டிடாதீங்க. முதல்ல ஃபர்ம்வேர். 2017 அக்டோபரில் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹோஃப், டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் 'கிராக்' என்ற ஓட்டையை வெளியிட்டார். அது முக்கியமா போன், லேப்டாப் பக்கத்துப் பிரச்சினை. ஆனா ரிப்பீட்டராக ஓடும் ரவுட்டரும் முதல் ரவுட்டருக்கு ஒரு போன் மாதிரிதான், அதுக்கும் திருத்தம் வேணும். அதுக்கு முன்னாடியே பரணுக்குப் போன பெட்டியில் அந்தத் திருத்தம் எப்படி இருக்கும்?

பெட்டியைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்க. மாடல் பெயர் மட்டும் போதாது, பதிப்பு எண்ணும் பொருந்தணும். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் எங்கும் கிடைக்கிற மாடல். அதில் 9ஆம் பதிப்பும் 13ஆம் பதிப்பும் உள்ளே வேற வேற சிப். ஒன்றின் ஃபைல் இன்னொன்றுக்கு ஆகாது. தயாரிப்பாளர் கைவிட்ட மாடல் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி உதவலாம். ஆனா 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் மட்டும் உள்ள பெட்டிக்கு அதன் புதிய பதிப்புகள் ஏறாது. அதுக்கு மெனக்கெடாமல் வேற பெட்டி வாங்குங்க.

இங்கே எங்க ஊர் வில்லங்கம் ஒண்ணு. கரண்ட் மாறி மாறித்தான் வரும், வந்ததும் தெருவே "மீ லா பி!" என்று கூவும். ஃபர்ம்வேர் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் ரவுட்டர் அதுக்கப்புறம் எழுந்திருக்காது. எங்க தொழில்ல இதை 'பிரிக்' ஆச்சு, அதாவது செங்கல் ஆச்சு என்போம். நான் ஒண்ணை அப்படிச் செங்கல் ஆக்கியிருக்கேன். வீட்டில் ஏற்கெனவே மூணு சுவர் இருக்கு, நாலாவது எதுக்கு? அதனால ஃபைலை முன்னாடியே இறக்கி வச்சு, லேப்டாப்பையும் ரவுட்டரையும் கேபிளால் இணைச்சு, ரவுட்டரை மினி யூபிஎஸ்ஸில் மாட்டிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன். யூபிஎஸ்ஸில் மாட்டும்போது அடாப்டரைப் பார்க்கணும்: என் ரவுட்டருக்கு 9 வோல்ட், ஃபைபர் பெட்டிக்கு 12. மாத்திக் குத்தினால் புகைதான்.

அப்புறம் மூணு வேலை. இரண்டாவது ரவுட்டரின் முகவரியை மாத்தணும்: முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதுக்கு 192.168.1.2. போன்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை இதில் அணைக்கணும், ரெண்டு பேர் கொடுத்தால் குழப்பம். முன் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இதோட லேன் துளையில் செருகணும், இன்டர்நெட் என்று எழுதின வேற நிறத் துளையில் இல்லை. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ரெண்டிலும் ஒண்ணே. சேனல் மட்டும் வேற: 2.4 கிகாஹெர்ட்ஸில் முன்னாடி 1, பின்னாடி 6 அல்லது 11.

சிங்கப்பூர் வீவக வீட்டில் இருக்கறவங்களுக்குக் கரண்ட் கவலை இல்லை, ஆனா அந்தக் கான்கிரீட் வீட்டுப் பாதுகாப்பறை எங்க மூணு சுவருக்குச் சமம். ரவுட்டரை அதுக்குள்ளே வைக்காதீங்க.

போன ஞாயிறு வகுப்பு நடுவில் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னது, மூணு பெட்டியும் யூபிஎஸ்ஸில் ஓடினது. இருட்டில் லேப்டாப் வெளிச்சத்தில் ரெண்டு பேரும் 'வாழைப்பழம்' சொல்லிட்டிருந்தாங்க. அப்பத்தாவுக்குத்தான் 'ழ' நல்லா வருதாம், டீச்சரே சொல்லிட்டாங்க.