முதலில் வாலைப் பாருங்கள்

ஏனாத்தூர் வானில் பருந்து வட்டமிட்டால் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. வைகாசியில் காஞ்சி வரதரின் கருட சேவையைக் கண்டு வளர்ந்த ஊர். கை தானாகக் குவிகிறது. மேலே பறப்பது கருடன்தானா என்று அறிந்து கும்பிட்டால் மனம் இன்னும் நிறையும்.

நாம் கருடன் என்பது செம்பருந்தை. வளர்ந்த பறவைக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றது பெரும்பாலும் செங்கல் நிறம். அதில் சிக்கலில்லை. அதன் இளம்பறவைதான் நம்மைத் திணறடிக்கும். உடல் முழுக்கப் பழுப்பாக, கரும்பருந்தைப் போலவே இருக்கும். வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பருந்தும் கறுப்புதான். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால்நுனி நடுவில் உள்வாங்கி, மீன்வால் போலிருக்கும். செம்பருந்தின் வால்நுனி விசிறி போல வளைந்திருக்கும். ஆனால் கரும்பருந்து திரும்பும்போது வாலை முழுக்க விரித்தால் அந்தப் பிளவு மறைந்துவிடும். அவசரப்படாமல், வாலை மடக்கும்வரை காத்திருங்கள்.

வைரியை வானில் தேட வேண்டாம். வல்லூறு என்றும் சொல்லும் இந்தப் பறவை புறா அளவுதான். தோட்டத்தில் அணில்கள் ஓயாமல் கத்தினால், இலைமறைவில் அது உட்கார்ந்திருக்கக்கூடும். பறக்கும்போது நாலைந்து முறை வேகமாகச் சிறகடித்து, பிறகு சற்று மிதக்கும்.

மனைகளாகாமல் மிஞ்சிய வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும் வெளிர்சாம்பல் பறவை, கருந்தோள் பருந்து. எலிதான் அதன் முக்கிய இரை.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அர்ச்சகர் தந்த அமுதுக்கு வந்தவை பருந்தல்ல, மஞ்சள்முகப் பாறுகள். 1990களுக்குப் பின் அவை வரவில்லை. அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பாறு இனங்கள் சரிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது தெரியவந்து, 2006இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. எந்தப் பறவை, எங்கே, எத்தனை என்று எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்தச் சரிவே தெரிந்தது.

நம் தெருவிலும் அப்படி எழுதலாம். காலை ஒன்பதுக்கு மேல் தரை சூடேறி, வெப்பக்காற்று எழும்போது பருந்துகள் மேலேறும். தேதி, இடம், வாலின் வடிவம் மூன்றையும் குறியுங்கள். பறவையின் பெயர் உறுதியில்லாவிட்டால் பெயருக்கான இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.