படுத்திருப்பது ஓய்வாகாது

கடந்த சித்திரை மாதத்தில் என் புறநோயாளர் அறைக்கு ஒரு தம்பதியர் வந்திருந்தனர். கணவருக்கு வயது ஐம்பத்தாறு. மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகவே இயங்கியது. ஆனால் ஆள் தளர்ந்திருந்தார். மாடிப்படி ஏறினால் கால்கள் நடுங்குகின்றன என்றார். "ஒரு வேலையும் செய்யவிடாமல் பார்த்துக்கொண்டேன், டாக்டர். தண்ணீர்கூட நான்தான் கையில் கொடுப்பேன்" என்று அவருடைய மனைவி சற்றுப் பெருமையோடு கூறினார். அந்த அம்மையாரின் முகம் வாடியிருந்ததைக் கண்டு, அவருக்கும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன். 180/110 இருந்தது. தம்முடைய மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆயின என்றும், மருந்துக் கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்றும் தயக்கத்தோடு சொன்னார்.

அன்புக்குக் குறைவில்லாத வீடு அது. அங்கே ஒருவர் ஓய்வெடுத்தே நலிந்திருந்தார். மற்றவர் ஓய்வின்றி நலிந்திருந்தார். அவருடைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மருந்துப் பட்டியலின் முடிவில் "தகுந்த ஓய்வு எடுக்கவும்" என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது என் கையொப்பம். எத்தகைய ஓய்வு, எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு என்பது எதுவும் இல்லை. நான் எழுதாமல் விட்டதை அந்தக் குடும்பம் தனக்குத் தெரிந்த வகையில் நிரப்பிக்கொண்டது.

ஓய்வு என்றால் என்ன என்பதை நானும் மருத்துவக் கல்லூரியில் கற்கவில்லை. பட்டமேற்படிப்பு முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பின், பயிற்சிக்காகப் பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் ஒரு கோடைக்காலம் தங்கியிருந்தேன். அங்கே பலருடைய கோடை இரண்டு இடங்களில் கழிகிறது: முதலில் நகரத்தில், மிதிவண்டியின் மேல், பிறகு ஏரிக்கரைக் குடிலில். அந்த இரண்டிலும் கண்டதைப் பல நோயாளிகளிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். இம்முறை எழுதிவைக்க விரும்புகிறேன்.

நகரத்தில்

எனக்குப் பயிற்சி அளித்த மூத்த மருத்துவர் அறுபதை நெருங்கிய பெண்மணி. காலையில் தலைக்கவசம் அணிந்து மிதிவண்டியில் வருவார். மாலையில் அதன் கூடையில் காய்கறி வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்புவார். "நாள் தவறாமல் உடற்பயிற்சி செய்கிறீர்களே" என்று ஒருநாள் வியந்து சொன்னேன். அவருக்கு நான் கூறியது விளங்கவில்லை. "வேலைக்குத்தானே வருகிறேன்" என்றார்.

ஹெல்சிங்கியில் ஜூன் மாதப் பகற்பொழுது ஏறத்தாழ 19 மணி நேரம் நீள்கிறது. பனிக்காலம் முழுவதும் அடைந்து கிடந்த மக்கள் அந்த வெளிச்சத்தை வீணாக்க விரும்புவதில்லை. அதற்கு நகரமும் இடம் கொடுக்கிறது. கைவிடப்பட்ட சரக்கு ரயில் தடம் ஒன்றை 2012ஆம் ஆண்டில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பாதையாக மாற்றி, 'பானா' என்று பெயரிட்டுள்ளனர். தெருக்களின் மட்டத்துக்குக் கீழே, மோட்டார் வாகனங்களின் குறுக்கீடு இல்லாமல், அது நகரின் நடுவே செல்கிறது. 2016இல் அறிமுகமான மஞ்சள் நிற மிதிவண்டிகள் அப்போது நிலையங்களில் வரிசையாக நின்றன. ஒரு பருவத்துக்கான கட்டணத்தைச் செலுத்தியவர், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வரை ஓட்டிச் சென்று வேறொரு நிலையத்தில் விட்டுவிட முடிந்தது. நானும் ஓட்டினேன். முதல் வாரம் சிறு மேட்டிலும் மூச்சு வாங்கியது. நான்காம் வாரத்தில் மேடு இருந்ததே தெரியவில்லை.

அந்த நகரத்து மக்கள் நம்மைவிட மனவுறுதி மிக்கவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதை இருந்தது, ஆகவே சென்றார்கள். நாமோ நோயாளியிடம் "தினமும் முப்பது நிமிடம் நடங்கள்" என்று ஒரு வரியில் கூறிவிடுகிறோம். இரண்டு மாதங்களில் அவர் அதை விட்டுவிட்டால் சோம்பல் என்கிறோம். அன்றாட வாழ்வோடு ஒட்டாத பயிற்சி நெடுநாள் நிலைப்பதில்லை என்பது என் அனுபவம். பால் வாங்கவும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடவும், கோயிலுக்குச் செல்லவும் நடப்பவர் அதை நிறுத்துவதில்லை. அத்தகையவர் நடக்கும் நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டிகளும், மூடாமல் கிடக்கும் பள்ளங்களும், என் பார்வையில் இதயநலத்தைச் சார்ந்த பிரச்சினைகளே.

ஏரிக்கரையில்

ஜூலை பிறந்ததும் ஹெல்சிங்கி காலியாகிவிட்டது. ஆண்டு முழுவதும் பணிபுரிந்த ஊழியருக்குரிய விடுப்பில் 24 நாட்களை, மே 2 முதல் செப்டம்பர் 30 வரையிலான காலத்துக்குள் அளிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சனிக்கிழமைகளும் கணக்கில் சேர்வதால் அது நான்கு வார ஓய்வாகும். சுமார் 56 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் ஏறக்குறைய 5 இலட்சம் கோடைக்குடில்கள் உள்ளன. 'மெக்கி' என்பது அக்குடிலின் பெயர். சிறியனவற்றையும் சேர்த்து ஏரிகளின் எண்ணிக்கை சுமார் 1,88,000.

என் மூத்த மருத்துவர் தம் பெற்றோரின் குடிலுக்கு என்னை ஒரு வாரம் அழைத்தார். நாட்டின் கிழக்கே, வடகரேலியா மாகாணத்தின் யொஎன்சூ நகர் வரை ரயில். பின்பு காட்டு வழி. ஏரிக்கரைக் குடில் என்றதும் செல்வந்தர்களின் மாளிகையை மனத்தில் கொண்டிருந்த நான், கண்டதும் திகைத்தேன். மரத்தாலான சிறு வீடு, குழாய்நீர் இல்லை. குடிநீரைக் கிணற்றிலிருந்து சுமக்க வேண்டும். கழிப்பறை சற்றுத் தொலைவில் மரங்களுக்கிடையே. அடுப்புக்கும் நீராவிக் குளியலறையான சௌனாவுக்கும் விறகு வேண்டும்.

குடும்பத் தலைவருக்கு எழுபத்தாறு வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் பைபாஸ் அறுவை நடந்தவர். அவர் காலையில் சுள்ளிகளை ஒடித்து அடுக்குவார், உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார், மீண்டும் எழுவார். கிணற்றிலிருந்து அரை வாளியாக இரண்டு நடை நீர் கொண்டுவருவார். பாரம் தூக்க வேண்டாம் என்று அவருடைய மருத்துவர் கூறியிருந்தாராம். அதனால் அரை வாளி. அவர் கையிலிருந்து அந்த வாளியைப் பிள்ளைகள் எவரும் பிடுங்கவில்லை. நான் வாங்கப் போனபோது, வேண்டாம் என்று மகள் கண்ணால் சைகை செய்தார். அவசரப்படுத்த ஆளில்லாமல், தம் உடலின் அளவறிந்து, வீட்டுக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்வது அந்தப் பெரியவருக்கு ஓய்வாக இருந்தது.

அவருடைய மனைவியை நான் இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் கணவரின் மாத்திரை, உணவு, மருத்துவமனைப் பயணம் அனைத்தையும் கவனிப்பவர் அவர். அந்த வாரத்தில் மட்டும் காலைக் காப்பி முடிந்ததும் உயிர்காப்பு உடுப்பை அணிந்து, சிறு படகைத் தாமே துடுப்புப் போட்டு அக்கரைக்குச் சென்றுவிடுவார். யாருக்குச் சொந்தமான காடாயினும், வீட்டு முற்றங்களையும் விளைநிலங்களையும் விட்டு விலகி நடக்கவும் காட்டுப்பழம் பறிக்கவும் அந்நாட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு. பிற்பகலில்தான் திரும்புவார். தனியே விட்டுச் செல்வதில் கவலை இல்லையா என்று மகள் வழியாக அவரிடம் கேட்டேன். "கவலை உண்டு. ஆனால் இந்த வாரம் கவலைப்படுவது பிள்ளைகளின் முறை" என்றார்.

அந்தக் கரையின் பழைய கதை

இக்காட்சிகளில் மயங்கி ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதே வடகரேலியா, 1960களின் பிற்பகுதியில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் மிகுதியாக இறந்த பகுதிகளுள் ஒன்று. அப்போதும் அங்கே ஏரி இருந்தது. குடிலும் விறகு வெட்டும் வேலையும் இருந்தன. கூடவே வெண்ணெயும் கொழுப்பு மிகுந்த பாலும் உப்பும் புகையிலையும் இருந்தன. 1972இல், பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. உணவில் கொழுப்பையும் உப்பையும் குறைத்தல், புகைப்பதை விடுதல், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை அதன் நோக்கங்கள். 'மார்த்தா' என்னும் இல்லத்தரசியர் அமைப்பு சமையல் முறையை மாற்ற ஊர் ஊராக உதவியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயத்தமனி நோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

ஆகவே மிதிவண்டியும் ஓய்வும் மாத்திரைக்கு மாற்றாகா. சௌனா பற்றியும் ஓர் எச்சரிக்கை: அடிக்கடி அதில் குளிப்போரிடையே திடீர் இதய இறப்பு குறைவு என்று கிழக்குப் பின்லாந்தின் நடுத்தர வயது ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. வாழ்நாள் முழுவதும் பழகியவர்களைப் பற்றிய ஆய்வு அது. பழக்கமில்லாத இதயநோயாளி கொதிக்கும் ஆவியிலிருந்து குளிர்ந்த நீரில் குதிப்பது ஆபத்தானது. அந்த ஏரிகளிலும் ஜூன் இறுதித் திருநாள் விடுமுறையில், மது அருந்திவிட்டுப் படகேறி மூழ்குவோர் உண்டு. விடுமுறை தானாகவே உடல்நலத்தைத் தந்துவிடுவதில்லை.

நம் வீட்டில்

நமக்கு நான்கு வார விடுப்பு இல்லை. நாட்கூலிக்கு ஒரு நாள் ஓய்வே கடினம். நம் கோடையும் வேறு. கத்திரி வெயிலில் இதயநோயாளி மிதிவண்டி ஓட்டுவது கூடாது. ஆயினும் அங்கே கண்டவற்றுள் இரண்டை இங்கே கைக்கொள்ள முடியும்.

முதலாவது, அரை வாளி. வீட்டுக்கு அனுப்பும்போது எந்த வேலையை, எந்த நாளிலிருந்து, எவ்வளவு செய்யலாம் என்று எங்களிடம் கேளுங்கள். சிக்கலின்றித் தேறிய பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே வீட்டுக்குள்ளும் தெருவிலும் சிறிது சிறிதாக நடக்கலாம். நடக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச இயலாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்பு வலி, மயக்கம், படபடப்பு தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாட வேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மிதிவண்டி ஓட்ட விரும்புவோர் எங்கள் அனுமதி பெற்றபின் தொடங்கலாம். ஸ்டென்ட் பொருத்தியோர் உட்கொள்ளும் மாத்திரைகளால் காயத்தில் இரத்தம் எளிதில் நிற்காது என்பதால், தலைக்கவசம் கட்டாயம்.

இரண்டாவது, முறை. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதை நம் ஊர்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. ஒரே வயல் எல்லா நீரையும் எடுத்துக்கொள்வதில்லை. ஒருவரே இரவெல்லாம் மடையைக் காப்பதுமில்லை. நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் ஏனோ ஒரே தலையில் ஏற்றிவிடுகிறோம்; பெரும்பாலும் அது மனைவியின் தலை, அல்லது மகளின், மருமகளின் தலை. வாரத்தில் அரை நாளேனும் மகனோ, தம்பியோ, பக்கத்து வீட்டாரோ அந்த இடத்தில் அமரட்டும். அந்த அரை நாளில் பராமரிப்பவர் எங்கே சென்றார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

அந்தத் தம்பதியரைக் கூடத்தில் அமர்ந்திருந்த அவர்களுடைய மகனோடு சேர்த்து மீண்டும் உள்ளே அழைத்து, இவற்றைச் சொன்னேன். இரண்டு மாதங்கள் கழித்து வந்தபோது, காலையில் பால் வாங்கி வருவதும் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் கணவரின் வேலையாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மகனின் முறை. அன்று அந்த அம்மையார் தம் அக்காள் வீட்டுக்குப் போய்விடுகிறார். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டதில் அவருடைய இரத்த அழுத்தம் 136/84 ஆகக் குறைந்திருந்தது.

இப்போதெல்லாம் "தகுந்த ஓய்வு எடுக்கவும்" என்று நான் எழுதுவதில்லை. நோயாளி செய்ய வேண்டிய வேலைகளை எழுதுகிறேன். அதன் கீழே ஒரு கேள்வியும் இருக்கும்: பராமரிப்பவருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வு, அன்று யாருடைய முறை? அதற்கு விடை எழுதிய பிறகு வீட்டுக்குப் புறப்படுங்கள்.